கூலிப்படையின் பேரேடு: செட்டிநாட்டு வீட்டுக்குள் ஒரு ஆக்‌ஷன் படம்

தமிழில் கூலிப்படைக் கதை என்றால், இடைவேளைக்குச் சற்று முன் ஒருவன் துப்பாக்கியைத் தன் ஆட்கள் பக்கமே திருப்புவான். இசை எகிறும், திரை இருளும். பாப்கார்ன் வாங்கப் போகிறவன் மனதில் ஒரு கேள்வி உறுத்தும்: இவன் ஏன் மாறினான்? இரண்டாம் பாதியில் அதற்குப் பதிலாக ஒரு தங்கையோ, எரிந்துபோன கிராமமோ ஃபிளாஷ்பேக்கில் வரும். பழிவாங்கும் கதைக்கு அது போதும். கூலிக்குச் சண்டை போடுகிறவன் கட்சி மாறுவதற்குக் காணாது. அவன் மாறுவது கணக்கில். அந்தக் கணக்கு படத்தின் முதல் ரீலிலிருந்தே பார்வையாளன் கையில் இருக்க வேண்டும்.

செட்டிநாட்டை இப்படி ஒரு படத்துக்குக் களமாக எடுத்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. கடல் கடந்து ஆள் அனுப்பி, அந்த ஆள் கைமீறிப் போகாமல் கணக்கால் கட்டிவைத்த ஊர் இது. அந்தக் கணக்கில் வந்த பணத்தில் கட்டிய வீடுகள், யார் எங்கிருந்து யாரைப் பார்க்க முடியும் என்பதை அடுக்கடுக்காகப் பிரித்துவைத்திருக்கின்றன. ஆனால் சினிமாவில் அவை பெரும்பாலும் பண்ணையார் வீடாகவோ கல்யாண வீடாகவோதான் வந்துபோகின்றன. காரைக்குடியில்தான் 1940-களில் ஏவி.எம். ஸ்டுடியோ தொடங்கி, பிறகு கோடம்பாக்கத்துக்கு இடம் மாறியது என்பதை நினைத்தால் இது கொஞ்சம் வேடிக்கைதான்.

பாக்கி யாரிடம், வழி யாரிடம்

ஜெனீவா ஒப்பந்தங்களோடு 1977-இல் சேர்ந்த முதல் கூடுதல் நெறிமுறையின் 47-ஆம் பிரிவு, கூலிப்படைக்காரன் யார் என்பதற்கு ஆறு நிபந்தனைகள் சொல்கிறது. ஆறும் ஒருசேரப் பொருந்த வேண்டும். அவற்றில் ஒன்று பணம் பற்றியது: அதே தகுதியுள்ள படைவீரனுக்குக் கிடைப்பதைவிடக் கணிசமாக அதிகமான ஊதியம் அவனுக்கு வாக்களிக்கப்பட்டிருக்க வேண்டும். சட்டமே அவனைச் சம்பளத்தையும் வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. பிடிபட்டால் போர்க்கைதி என்ற உரிமை அவனுக்குக் கிடையாது. திரைக்கதைக்கு இது பெரிய விஷயம். ராணுவ வீரனுக்குச் சரணடைதல் என்ற கதவு திறந்திருக்கிறது. இவனுக்கு அது சாத்தியிருக்கிறது. ஆகவே அவன் கண் எப்போதும் இரண்டின் மேல் இருக்கும்: வரவேண்டிய பாக்கி, தப்பிக்கும் வழி.

நிஜத்தில் நடந்தவற்றைப் பார்த்தால் இது தெளிவாகும். 1981 நவம்பர் 25 அன்று கூலிப்படைத் தலைவன் மைக் ஹோரின் ஆட்கள், ஆட்சியைக் கவிழ்க்க, பீர் குடிக்கும் சங்கத்துச் சுற்றுலாப் பயணிகள் வேடத்தில் செஷெல்ஸ் தீவில் இறங்கினார்கள். பையில் பொம்மைகள், அடியில் பிரித்துவைத்த துப்பாக்கிகள். சுங்க அதிகாரி ஒருவர் கண்டுபிடித்துவிட, விமான நிலையத்திலேயே சண்டை மூண்டது. அந்த நேரம் தரையிறங்கிய ஏர் இந்தியாவின் போயிங் 707-ஐக் கடத்தி டர்பனுக்குப் பறந்தார்கள். கூட்டாளிகள் சிலர் தீவிலேயே விடப்பட்டார்கள். விமானம் கிடைத்த நொடியில் ‘நாம்’ என்பது அந்த விமானத்துக்குள் இருந்தவர்கள் மட்டும் என்று ஆகிவிட்டது.

1988 நவம்பர் 3 மாலத்தீவு ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நமக்கு இன்னும் நெருக்கமானது. அப்துல்லா லுத்துஃபி என்ற மாலத்தீவு வியாபாரிக்காகப் போனவர்கள் இலங்கையின் பிளாட் என்ற ஆயுத அமைப்பைச் சேர்ந்த தமிழ் இளைஞர்கள். தலைநகர் மாலேயில் முக்கிய இடங்கள் கையில் வந்தன. ஆனால் அதிபர் கயூம் சிக்கவில்லை. எதிரே ஹுலுலே தீவில் இருந்த விமான ஓடுதளத்தையும் கைப்பற்றாமல் விட்டார்கள். அன்று இரவே ஆக்ராவிலிருந்து புறப்பட்ட இந்தியப் பாராசூட் படை அந்த ஓடுதளத்தில் இறங்கியது. பிணைக்கைதிகளோடு கப்பலில் தப்பியவர்களை ஐ.என்.எஸ். கோதாவரியும் ஐ.என்.எஸ். பேத்வாவும் கடலில் மடக்கின. துப்பாக்கிச் சண்டையைவிட அந்தக் கப்பலுக்குள் கழிந்த மணிநேரங்களே நல்ல படத்துக்கான இடம். வேலை தோற்றுவிட்டது, கொடுக்க வேண்டியவன் அதே கப்பலில் உட்கார்ந்திருக்கிறான், அவனிடம் இனிக் கொடுக்க ஒன்றுமில்லை.

2023 ஜூன் மாதம் வாக்னர் என்ற ரஷ்யக் கூலிப்படை ரஷ்யாவின் ரஸ்தோவ் நகருக்குள் புகுந்ததற்குப் பின்னாலும் காகிதம் ஒன்று இருந்தது. தன்னார்வப் படையினர் எல்லோரும் ஜூலை 1-க்குள் பாதுகாப்பு அமைச்சகத்தோடு நேரடி ஒப்பந்தம் போட வேண்டும் என்ற உத்தரவு அது. யார் சம்பளம் கொடுப்பது என்பது மாறினால் படை யாருடையது என்பதும் மாறும். வாக்னரின் தலைவர் பிரிகோஷினுக்கு அது தெரிந்திருந்தது.

இத்தனை தூரம் போகவும் வேண்டாம். ராமநாதபுரம் சீமையில் பனையூரில் பிறந்த யூசுப் கான், கும்பினியின் (கிழக்கிந்தியக் கம்பெனியின்) சிப்பாய்ப் படைத் தளபதியாக உயர்ந்து, மதுரையை நிர்வகித்து, 1763-இல் கும்பினிக்கும் ஆற்காட்டு நவாபுக்கும் எதிராகத் திரும்பினார். அவரோடு மதுரைக் கோட்டைக்குள் இருந்தவர்களில் மார்சான் என்ற பிரெஞ்சு அதிகாரியும் அவர் ஆட்களும் உண்டு. 1761-இலேயே பாண்டிச்சேரி வீழ்ந்துவிட்டது; அவர்களுக்குப் பின்னால் நிற்க அப்போது ஓர் அரசு இல்லை. முதல் முற்றுகையில் கோட்டை தாங்கியது. அடுத்த ஆண்டு ஜூன் தாக்குதலையும் தாங்கியது. பிறகு கும்பினி சுடுவதைக் குறைத்து, உணவு உள்ளே போகும் வழிகளை அடைத்தது. பட்டினி தொடங்கியதும் உள்ளே கணக்கு மாறியது. 1764 அக்டோபரில் மார்சானும் திவான் சீனிவாசராவும் சேர்ந்து யூசுப் கானைத் தொழுகையின்போது பிடித்துக் கட்டினார்கள். அக்டோபர் 15 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார்.

இதைப் படமாக எழுதுகிறவர்கள் துரோகக் காட்சியில்தான் கவனம் வைப்பார்கள். அதற்கு முந்தைய காட்சி முக்கியம்: தானியக் கிடங்கு. அது எத்தனை நாளைக்குக் காணும் என்று மார்சான் எண்ணிப் பார்க்கும் ஒரு ஷாட் இருந்தால், தொழுகைக் காட்சிக்கு வசனமே தேவைப்படாது.

செட்டியார் கணக்கு

வெளியூருக்கு அனுப்பிய ஆளை விசுவாசமாக வைத்திருப்பது எப்படி என்பது நகரத்தார் வணிகத்தின் அடிப்படைக் கேள்வி. ரங்கூனுக்கோ பினாங்குக்கோ சைகோனுக்கோ முதலாளிக்காகக் கடை நடத்தப் போகும் மேலாளுக்குப் பொதுவாக மூன்று வருஷக் கணக்கு. சம்பளத்தில் ஒரு பகுதி புறப்படும் முன்பே குடும்பத்துக்குப் போய்விடும். மீதியும் லாபத்தில் வரும் வெகுமதியும் திரும்பி வந்து பேரேட்டை ஒப்படைத்து, ஐந்தொகை (வரவு செலவு இருப்புக் கணக்கு) சரியாக இருந்தால்தான். தப்புச் செய்தால் நகரத்தார் சமூகம் பிரிந்திருக்கும் ஒன்பது நகரக் கோயில்களுக்குள் எங்கும் முகம் காட்ட முடியாது. முன்பணம், நிலுவை, மானம் என மூன்று கயிறுகள். கூலிப்படைக்காரனுக்கு மூன்றாவது கயிறு இல்லை. ஆகவே முதல் இரண்டையும் எப்படிப் பிரிப்பது என்பதில்தான் கதையே இருக்கிறது.

ஒருவனுக்கு 10 லட்சம் பேசியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 8 லட்சம் முன்பே கொடுத்துவிட்டால், அவனை எதிராளி விலைக்கு வாங்க 10 லட்சத்துக்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை. பாக்கி 2 லட்சத்துக்கு மேலே, உயிராபத்துக்கும் சேர்த்து ஏதாவது போட்டால் போதும். முழுத் தொகையும் கடைசியில்தான் என்றால் வேறு சந்தேகம் வரும்: வேலை முடிந்ததும் பணம் கொடுப்பதைவிட என்னைக் கொல்வது முதலாளிக்கு மலிவாயிற்றே? பல படங்களில் வில்லன் எதிராளியின் ஆளுக்கு ‘இரண்டு மடங்கு தருகிறேன்’ என்கிறான். கணக்குத் தெரிந்த வில்லன் முதலில் ‘உனக்கு இன்னும் எவ்வளவு வர வேண்டும்?’ என்றுதான் கேட்பான்.

இன்னும் கொடூரமானது கூட்டுத் தொகை. ஆறு பேருக்கு 60 லட்சம், உயிரோடு மிஞ்சுகிறவர்களுக்குள் பிரித்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு. ஆறு பேர் என்றால் ஆளுக்கு 10. நான்கு பேர் என்றால் 15. இதை முதல் 20 நிமிடத்துக்குள் ஒரு வசனமாகச் சொல்லிவிட்டால், பிறகு காயம்பட்ட ஒருவனுக்கு யார் தண்ணீர் கொடுக்கிறார்கள், யார் கொடுக்கவில்லை என்பதெல்லாம் சஸ்பென்ஸ் ஆகிவிடும்.

எழுதும்போது பாத்திரம் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கிப் பற்று வரவு எழுதிவைப்பது நல்லது: வாங்கியது, வரவேண்டியது, வண்டிச் சாவி யாரிடம், பாஸ்போர்ட் யாரிடம், எந்தக் காட்சியில் எது கை மாறுகிறது. கட்சி மாறும் காட்சிக்கு முன் குறைந்தது இரண்டு காட்சிகளிலாவது அந்தப் பக்கத்தில் ஏதாவது மாறியிருக்க வேண்டும். மாறவில்லை என்றால் திருப்பம் ஒட்டவைத்ததுபோல்தான் தெரியும்.

வீட்டின் நேர்கோடு

பெரிய வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகின்றன. திண்ணை, முகப்பு, வளவு (வானம் பார்த்த நடு முற்றம்), இரண்டாங்கட்டு, அடுப்படிக்கட்டு எல்லாம் ஒரே அச்சில் வரும். கதவுகள் எல்லாம் திறந்திருந்தால் தலைவாசலில் நிற்கிறவன் பின்வாசல் வெளிச்சத்தைப் பார்க்கலாம். சண்டைக் காட்சிக்கு இது வரமும் ஆபத்தும். அந்தக் கோட்டில் நிற்கிறவனை எல்லோரும் பார்க்கலாம், எல்லோரும் சுடலாம். கோட்டுக்கு இரண்டு பக்கமும் இருக்கும் அறைகளிலோ தூணுக்குப் பின்னாலோ இருப்பவனை யாரும் பார்க்க முடியாது. யார் யாரோடு என்பதைச் சொல்ல இதைவிட நல்ல வரைபடம் கிடைக்காது: ஒரு கூட்டம் முகப்பில், எதிர்க்கூட்டம் இரண்டாங்கட்டில், முடிவு செய்யாதவன் வளவைச் சுற்றித் தூண்கள் நிற்கும் பத்தியில். அவன் கோட்டைக் கடக்கும் ஷாட்தான் அவன் கட்சி மாறும் ஷாட்.

அச்சை எடுக்க 24 மி.மீ. லென்ஸ் போட்டால் வீடு பிரம்மாண்டமாகத் தெரியும். ஆனால் கடைசிக் கதவு தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கிவிடும், அங்கே நிற்கும் ஆள் அச்சுறுத்தலாகத் தெரியமாட்டான். 75 முதல் 100 மி.மீ. வரை போனால் நிலைக்கதவுகள் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி நிற்கும், தூரத்து ஆள் கிட்டத்தில் வந்துவிடுவான். முதல் பாதியில் அகல லென்ஸ், நம்பிக்கை குலையத் தொடங்கியதும் நீள லென்ஸ் என்று பிரித்துக்கொண்டால் பார்வையாளன் காரணம் தெரியாமலே மூச்சு முட்டுவான்.

வெளிச்சம்தான் இங்கே ஒளிப்பதிவாளரைப் பாடாய்ப் படுத்தும். வளவின் வெயிலுக்கும் இரண்டாங்கட்டின் நிழலுக்கும் ஐந்து ஆறு ஸ்டாப் வித்தியாசம் சாதாரணம். ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சம் இரு மடங்காவது; ஐந்து ஸ்டாப் என்றால் 32 மடங்கு. இந்த வட்டாரத்தில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேரே நிற்கும், தூண்களுக்கு நிழலே விழாது. டிசம்பரில் தெற்கே சாய்ந்து, நண்பகலில் சுமார் 56 டிகிரி உயரத்தில் இருக்கும். அப்போது வளவின் வடக்குப் பக்கம்தான் வெயில் வாங்கும். கூரை விளிம்பு 15 அடி உயரம் என்றால், தரையில் விழும் வெயில் கட்டம் நண்பகலையொட்டி மணிக்குச் சுமார் 4 அடி நகரும். ஒரு துப்பாக்கிச் சண்டையை நான்கு மணி நேரம் துண்டு துண்டாக எடுத்தால், ஒட்டும்போது வெயில் அங்குமிங்கும் குதிக்கும். வளவின் வாய் முழுவதும் வெள்ளைச் சில்க் துணி கட்டி வெளிச்சத்தைச் சமப்படுத்தலாம். இல்லையென்றால் வெயில் விழும் ஷாட்டுகளை எல்லாம் ஒரே மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டு, நெருக்கக் காட்சிகளைப் பத்தியின் நிழலுக்குத் தள்ளலாம். இரண்டாவதே மலிவு, இரண்டாவதே அழகும்கூட. கோட்டைக் கடப்பவன் இருட்டு, வெயில், இருட்டு என்று மாறிமாறித் தெரிவதை எந்த விளக்காலும் செய்ய முடியாது.

நேரடி ஒலிப்பதிவு மட்டும் கஷ்டம். வழவழப்பான சுண்ணாம்புச் சுவரும் சிமென்ட் தரையும் எதிரொலிக்கும். உத்தரத்தில் புறா இருக்கும். வசனத்தை டப்பிங்குக்கு விட்டுவிடுவது நிம்மதி.

துப்பாக்கியில் தவறுவது எங்கே

ஏகே ரகத் துப்பாக்கியின் மேகசினில் 30 குண்டுகள். நிமிடத்துக்கு 600 வேகத்தில் விசையை விடாமல் அழுத்தினால் 3 விநாடியில் காலி. சினிமாவில் ஒரே மேகசின் அரை நிமிடம் ஓடுவதைப் பார்த்துப் பழகிவிட்டோம். ஆனால் கூலிப்படைக் கதையில் குண்டும் ஒரு கையிருப்புதான். மேகசின் மாற்றும் இரண்டு மூன்று விநாடியில் இவனுக்கு யார் காவல் நிற்கிறான் என்பதை ஒருமுறை காட்டிவிட்டு, அடுத்த முறை அந்தக் காவல்காரன் நகர்ந்து நிற்பதைக் காட்டுங்கள். ஒரு வார்த்தை வேண்டாம்.

பிளாங்க் குண்டில் ஈயம் இல்லை, வெடிமருந்து உண்டு. ஆகவே அது பொம்மை ஆகாது. 1984-இல் ஜான்-எரிக் ஹெக்ஸம் என்ற நடிகர் பிளாங்க் போட்ட துப்பாக்கியை நெற்றிப்பொட்டில் வைத்து விளையாட்டாகச் சுட்டு இறந்தார்; கிட்டத்தில் வெளியேறும் அடைப்புக் காகிதமும் வாயு அழுத்தமும் மண்டையோட்டை உடைக்கப் போதும். 1993-இல் பிராண்டன் லீ இறந்தது வேறு விதம். முந்தைய ஒரு ஷாட்டுக்குப் பயன்பட்ட போலித் தோட்டாவின் முனை குழலுக்குள் மாட்டியிருந்தது. பிறகு போட்ட பிளாங்க் அதை நிஜக் குண்டாகத் தள்ளிவிட்டது. 2021 அக்டோபரில் நியூ மெக்சிகோவில் ஒளிப்பதிவாளர் ஹலைனா ஹட்சின்ஸ் இறந்தது, படப்பிடிப்புத் தளத்துக்கு வந்திருக்கவே கூடாத நிஜத் தோட்டாவால். மூன்றுக்கும் மூன்று காவல்: நெருக்கத்தில் ஆளை நோக்கிச் சுடுவதில்லை, ஒவ்வொரு ஷாட்டுக்கு முன்னும் குழலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது, தளத்துக்குள் வரும் ஒவ்வொரு தோட்டாவையும் ஒரே ஒருவர் எண்ணி எழுதி வைப்பது. துப்பாக்கி வாய்க்கு முன் 20 அடிக்குள் ஆள் கூடாது என்பது வழக்கமான குறைந்தபட்ச விதி. பத்தியில் அந்த 20 அடி கிடைக்காது. கேமராவைத் தூணுக்குப் பக்கவாட்டில் வைத்து, கோணத்தால் ஏமாற்றலாம்.

செட்டிநாட்டு வீட்டுக்குள் பிளாங்க் சுடாமலிருப்பதே நல்லது. மூடிய கூடத்தில் சத்தம் காதைக் கெடுக்கும், பழைய காரை உதிரும். கேஸில் இயங்கும் பொம்மைத் துப்பாக்கி பின்னுக்கு உதைப்பதை நடிகன் கையில் நிஜமாகக் காட்டும். தீப்பிழம்பைப் பிறகு கிராஃபிக்ஸில் சேர்க்கலாம். பிளாங்க்கிலும் தீப்பிழம்பு எப்போதும் கிடைத்துவிடாது. விநாடிக்கு 24 ஃபிரேம், 180 டிகிரி ஷட்டர் என்றால் ஒவ்வொரு ஃபிரேமிலும் 1/48 விநாடிதான் பதிவாகும், மற்ற பாதி நேரம் ஷட்டர் மூடியிருக்கும். சில மில்லி விநாடியே நிற்கும் பிழம்பு பாதித் தடவை விழவே விழாது. டிஜிட்டல் கேமராவில் விழுந்தால் சில சமயம் ஃபிரேமின் ஒரு பட்டையில் மட்டும் வெளிச்சம் அடித்து அசிங்கமாக இருக்கும். கிராஃபிக்ஸில் சேர்க்கிறவர்கள் மறப்பது பக்கத்துச் சுவரில் விழ வேண்டிய ஒளியை. ஒரு சிறிய எல்.இ.டி. விளக்கைத் துப்பாக்கி ஒலிக்கேற்ப மின்னவிட்டுப் படமெடுத்தால் பாதி வேலை தளத்திலேயே முடியும்.

தரையும் சுவரும்

ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து வண்ணக் கலவையை ஊற்றி, மேலே சிமென்ட்டும் மணலும் போட்டு, காயவைத்துத் தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பது. பளபளப்பு கண்ணாடியிலிருந்து வருவது. சிமென்ட் ஆதலால் நிறத்தை உறிஞ்சும். சோளச் சிரப்பில் சிவப்புச் சாயம் கலந்த சினிமா ரத்தம் அதன்மேல் கால் மணி நேரம் கிடந்தால் கறை நின்றுவிடும், எலுமிச்சம்பழமோ ஆசிடோ போட்டுத் துடைத்தால் மேல் வண்ணமும் போய்விடும். ரத்தம் சிந்தும் இடத்துக்கு ஆத்தங்குடியிலேயே அதே வடிவத்தில் புதுக் கல் சொல்லி, பிளைவுட் பலகைமேல் பதித்து வைத்துக்கொள்வது நல்லது. கல் ஊறிக் காய நாள் பிடிக்கும். படப்பிடிப்புக்கு முந்தின வாரம் சொன்னால் கிடைக்காது. டிராலி தண்டவாளத்தின் அடியில் சாக்கும் 12 மி.மீ. பிளைவுட்டும் போட வேண்டும். லைட் ஸ்டாண்ட் கால்களுக்குப் பழைய டென்னிஸ் பந்தை வெட்டி மாட்டினால் கீறல் விழாது.

சுவர் இன்னும் மென்மையானது. சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் சேர்த்து இழைத்த பூச்சில் டேப் ஒட்டினால், பிரிக்கும்போது பூச்சும் வரும். ஆணி, ஸ்குவிப் (குண்டு பாய்ந்ததுபோல் வெடிக்கும் சிறு வெடி) எதுவும் நிஜச் சுவரில் கூடாது. குண்டு பாயும் சுவர்த் துண்டை ஆர்ட் டைரக்டர் பிளைவுட்டிலும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸிலும் செய்து இரண்டு தூணுக்கு நடுவே நிறுத்த வேண்டும். முன்பே துளையிட்டு, சுண்ணாம்புத் தூள் அடைத்து, மேலே பூசி, ஷாட்டில் வெடிக்கவிடலாம். ஒரு துண்டு ஒரு டேக்குக்குத்தான். மூன்று டேக் என்றால் மூன்று துண்டு. தேக்குத் தூணுக்கும் இதே விதி. தூணில் கயிறு கட்டி ஸ்டன்ட் ஆளைத் தூக்கும் யோசனை யாருக்கு வந்தாலும் உடனே மறுத்துவிட வேண்டும். ரோப் வேலைக்கு வளவின் நடுவில் தனியாக டிரஸ் (இரும்புச் சட்டம்) நிறுத்திக்கொள்ளலாம்.

இதற்கெல்லாம் முன்னால் அனுமதி. வீடு ஒன்றாகத் தெரிந்தாலும் பங்காளிகள் பலர். வளவைச் சுற்றிய அறைகள் புள்ளிக்குப் புள்ளி (குடும்பத்துக்குக் குடும்பம்) வேறு பூட்டு. சென்னையில் இருக்கும் ஒருவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டு வந்து இறங்கினால், மூன்றாம் நாள் மலேசியாவிலிருந்து ஒரு பங்காளி போன் செய்து நிறுத்தச் சொல்லலாம். அவர் சொல்வதும் நியாயமாகத்தான் இருக்கும். ஆகவே எல்லாப் பங்கிலும் எழுத்தில் சம்மதம், எந்தெந்த அறை திறக்கும் என்ற பட்டியல், சேதத்துக்குத் தனி டெபாசிட், படப்பிடிப்புக்கு முந்தின நாள் ஒவ்வொரு கட்டின் தரையையும் சுவரையும் வெளிச்சம் போட்டு எடுத்த புகைப்படங்கள், அவற்றில் இரு தரப்புக் கையெழுத்து. வாடகையில் மூன்றில் ஒரு பங்கைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்வது யூனிட்டுக்கு வசதி. டெபாசிட்டைச் சுவர் துடைத்து முடித்தபின் திருப்புவது வீட்டுக்காரருக்கு வசதி.